பேனா கீறிய வாரம்

பேனா கீறினால் பெண்டாட்டியைத் திட்டு. என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த வைத்தியத்தில் இதுதான் முதல் வைத்தியம். காய்ச்சலுக்குக் கொய்னா, வயிற்றுக்கு விளக்கெண்ணெய், பேனாவுக்கு நான்.

அவர் மலாயாவில் பாலோ டவுனுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தார். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, பன்னிரண்டு கட்டில். டாக்டர் மாதத்தில் ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் மருந்து கலப்பதும் கட்டுப் போடுவதும் பல் பிடுங்குவதும் இவர்தான். தோட்டத்தில் அவரை டிரஸ்ஸரையா என்பார்கள், என்னை டிரஸ்ஸரம்மா என்பார்கள். அம்மா என்று மரியாதையாகக் கூப்பிட்டாலும் என் வாய்க்கு எல்லோரும் பயந்தார்கள். அது எனக்குத் தெரியும். பயப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பேனாவை அவருக்குக் கொடுத்தது ஒரு சின்ன துரை. சீமையிலிருந்து வந்த புதிதில் மலேரியா வந்து சாகக் கிடந்த பிள்ளை. இவர் ஒன்பது நாள் பக்கத்தில் உட்கார்ந்து பிழைக்க வைத்தார். ஊருக்குக் கப்பலேறும் முன் அந்தப் பிள்ளை சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவிக் கொடுத்துவிட்டுப் போனது. கெட்டியாக்கிய ரப்பரில் செய்த கறுப்புப் பேனா. நம் மரத்துப் பால்தான் சீமைக்குப் போய்க் கறுத்துத் திரும்பி வந்திருக்கிறது என்று நான் சொல்வேன். மூடி திருகு மூடி. கழுத்தையும் திருகிக் கழற்றி, உள்ளே மருந்துச் சொட்டுக் குழாயால் மை விட வேண்டும். நிப்பின் முனை ஊசி மாதிரி மெல்லியது. அவருக்கு அப்படித்தான் வேண்டும். காய்ச்சல் அட்டையில் ஒவ்வொரு கட்டமும் அரிசி அளவுதான் இருக்கும். அதற்குள் காலைக்கு ஒரு எண், மாலைக்கு ஒரு எண் எழுத வேண்டும். வேறு எந்தப் பேனாவாலும் முடியாது.

"பேனாங்கறது ஒருத்தர் கைக்குப் பழகினது. கை மாறினா கெட்டுப்போகும்" என்பது அவர் வேதம்.

"அப்ப சின்ன துரை கையிலேருந்து உங்க கைக்கு வந்தப்ப கெடலியா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அது குடுத்தது. நீ எடுத்தா அது எடுத்தது."

இந்தப் பதிலில் என்ன நியாயம் இருக்கிறது என்று இத்தனை வருஷம் யோசித்தும் எனக்குப் புரியவில்லை.

அந்த வருஷம் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கப்போவதாகப் பேச்சு வந்தது. பிள்ளைகள் கொட்டாங்குச்சியில் மண் அள்ளிக்கொண்டு கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்து வாசலில் புரண்டு கிடப்பதைப் பெரிய துரைக்குப் பார்க்கப் பிடிக்கவில்லையோ, மேலிடத்திலிருந்து ஓலை வந்ததோ, தெரியாது. பழைய அரிசிக் கிட்டங்கியைக் கூட்டிப் பெருக்கி நாலு பலகை போட்டார்கள். படித்துக்கொடுக்க ஆள் வேண்டும் என்று ஆபீஸ் கணக்கெழுதுகிற கிராணி வந்து பெரட்டில் படித்தார். அதிகாலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடம்தான் பெரட்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தங்கள் கையாலேயே விண்ணப்பம் எழுதிச் சனிக்கிழமை காலைக்குள் ஆபீசில் கொடுக்க வேண்டும். கல்யாணமான பெண்ணாக இருந்தால் புருஷனே கொண்டுவந்து, எனக்குச் சம்மதம் என்று துரையிடம் நேரில் சொல்ல வேண்டும்.

நான் மலாக்காவில் பாதிரிமார் நடத்திய தமிழ்ப் பள்ளியில் ஏழு வகுப்புப் படித்தவள். ஏழு வகுப்புப் படித்துவிட்டு எட்டு வருஷமாக இந்த மனிதருக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த வேலை எனக்கு வேண்டும். வயிற்றில் பசி வருகிற மாதிரி அந்த ஆசை வந்தது. அவரிடம் சொன்னேன்.

"பாக்கலாம்" என்றார்.

அவர் அகராதியில் பார்க்கலாம் என்றால் வேண்டாம் என்று பொருள். ஆனால் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் தைரியம் போதாது. அதனால் நானும் விடவில்லை.

சனிக்கிழமைக்கு ஆறு நாள் முன்னால் ஆயுத பூசை. ஆஸ்பத்திரிக் கூடத்தில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, கத்தரிக்கோல், குறடு, ஊசிக் குழாய், நெஞ்சில் வைத்துக் கேட்கிற குழாய் எல்லாவற்றையும் அவர் வரிசையாக அடுக்கினார். லயத்து ஆட்கள் பால் வெட்டுகிற கத்திகளையும் வாளிகளையும் கொண்டுவந்து கீழே வைத்தார்கள். பேனாவை நடுவில், சரஸ்வதி படத்துக்கு நேர் முன்னால் வைத்தார். சந்தனம் பூசுவதும் குங்குமம் வைப்பதும் ஒவ்வொரு வருஷமும் அவர் வேலை. நான் பின்னால் எங்கள் வீட்டு அடுப்படியில் மூன்று படி கடலைக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். சுண்டல் விநியோகம் முடிந்து நான் கூடத்துக்குள் வந்தபோது சூடம் அணைந்து எல்லோரும் போய்விட்டார்கள்.

மறுநாள் விஜயதசமி. அன்றைக்கு எதைத் தொடங்கினாலும் விளங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் குளிக்கப் போனார். கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டது. இவர் பன்னிரண்டு வாளிக்குக் குறைந்து குளிக்க மாட்டார். நான் கூடத்துக்குப் போய்ப் பேனாவை எடுத்தேன்.

ஆமாம், எடுத்தேன். அகல் விளக்கு வெளிச்சத்தில் முந்தானையால் ஒரு துடை துடைத்துவிட்டு, ஒரு தாளில் 'மகாகனம் பொருந்திய துரையவர்களுக்கு' என்று தொடங்கினேன். முதல் எழுத்திலேயே கீறியது. கோழி ஓட்டுக்கூரையில் நடக்கிற சத்தம். இரண்டு வரி எழுதுவதற்குள் தாளில் மயிர் மயிராக நார் எழும்பிவிட்டது. ஏழு வாளி ஆகியிருந்தது. பேனா மேல் மூடியைத் திருகி இருந்த இடத்தில் வைத்துவிட்டு, தாளை இடுப்பில் சொருகிக்கொண்டு தோசை வார்க்கப் போய்விட்டேன்.

அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து சத்தம் வந்தது.

"இந்தா! இங்க வா!"

போனேன். மூன்றாம் கட்டில் கிழவரின் காய்ச்சல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நூறு என்று எழுதப் போயிருக்கிறார். ஒன்று நன்றாக விழுந்திருக்கிறது. பூச்சியங்கள் இரண்டும் பாதி வளைவோடு நின்றுவிட்டன. மிச்சத்துக்கு மூன்று புள்ளி மை தெறித்திருந்தது. அட்டையைப் பார்த்தால் கிழவர் செத்து மூன்று நாள் ஆனவர் மாதிரி உடம்பு குளிர்ந்து கிடந்தார்.

"பேனாவத் தொட்டியா?"

"நா எதுக்குத் தொடறேன்?"

இந்த இடத்தில் பொய் சொன்னது தப்புதான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

"கை மாறாம நிப்பு இப்படிக் கீறாது. நேத்துவரைக்கும் வெண்ணெ மாதிரி போச்சு."

"பேனாவுக்கு வயசாயிருக்கும்."

"வயசா? உன் வாய்க்குத்தான் வயசே ஆக மாட்டேங்குது. ஒரு நிப்பைக் காப்பாத்தத் தெரியல, நாப்பது புள்ளைங்களக் காப்பாத்தப் போறியாம்."

அதுதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. நோயாளிகள் பன்னிரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிழவர் போர்வையை நீக்கிவிட்டு வசதியாக எழுந்து உட்கார்ந்தார்.

"சரிங்க. பேனா ஏன் கீறுதுன்னு நா கண்டுபிடிச்சு உங்க கண்ணுல காட்டறேன். நா கெடுத்ததா இருந்தா பள்ளிக்கூடங்கற பேச்சையே எடுக்கல. நா கெடுக்கலேன்னா, சனிக்கெழம நீங்களே என் விண்ணப்பத்தக் கொண்டுபோயி சம்மதம்னு துரைகிட்ட உங்க வாயால சொல்லணும்."

"அப்படியே ஆகட்டும். சாட்சிக்குப் பன்னெண்டு பேரு இருக்காங்க."

"பதினொண்ணு" என்றார் கிழவர். "ஏழாங்கட்டிலுக்குக் காது கேக்காது."

என் சங்கடத்தைப் பாருங்கள். நான் வைத்த முதல் எழுத்திலேயே கீறியதால், பேனா முன்பே கெட்டிருந்தது எனக்குத் தெரியும். நான் குற்றமில்லாதவள் என்பதற்கு அதுதான் ஒரே சாட்சி. ஆனால் அதைச் சொன்னால் நான் பேனாவை எடுத்தேன் என்றும் சொல்ல வேண்டும். எடுத்தேன் என்றால் அவர் வேதப்படி வழக்கு அங்கேயே முடிந்தது. திருட்டுத்தனமாக மாமரத்தில் ஏறினவன், மேலே இருந்து வேறொரு திருடனைப் பார்த்தால் யாரிடம் போய்ச் சொல்வான்?

முதலில் அவரே வைத்தியம் பார்த்தார். எந்த நோய்க்கும் முதல் நாள் பேதிக்குக் கொடுப்பது அவர் வழக்கம். பேனாவுக்கும் அதையே செய்தார். கழுத்தைத் திருகி மையைக் கொட்டிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுக் குழாயால் ஏற்றி ஏற்றி இறக்கினார். நீலமாக வந்தது, வெளிறியது, தெளிந்தது. பேனாவிலிருந்து சூடுபட்ட ரப்பர் வாடை தோட்டத்தில் ரப்பர் உலர்த்துகிற புகைக்கூண்டு வாடை மாதிரி வந்தது. காய வைத்து, மை விட்டு எழுதினார். கீறியது.

"மை கெட்டி" என்றார். அவர் மைத்தூள் வாங்கித் தானே கரைப்பவர். தண்ணீர் சேர்த்தார். எழுத்து வெளிறியது. கீறல் அப்படியே இருந்தது.

"தாளு மட்டம்" என்றார். டாக்டருக்கு அறிக்கை அனுப்புகிற வழுவழுப்பான தாளை எடுத்து வந்தார். அதில் சத்தம் குறைந்தது. அவ்வளவுதான். சத்தம் குறைந்ததால் நோய் குறைந்ததாக ஆகுமா? அப்படியானால் நோயாளி வாயில் துணியை அடைத்தால் போதுமே. இதைச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் பெரட்டுக் களத்துப் பக்கம் போனபோது நான் உட்கார்ந்து நிதானமாகச் சோதித்தேன். இப்போது பேனாவைத் தொட எனக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. கோடு போட்டுப் பார்த்தேன். மேலிருந்து கீழே இழுத்தால் முனகாமல் வந்தது, மை மட்டும் கம்மி. கீழிருந்து மேலே தள்ளினால் தாளைக் கடித்தது. வட்டம் போட்டால் வலது பாதி ஓடியது, இடது பாதியில் முரண்டு பிடித்தது. ஆக, முனை முழுவதும் கெடவில்லை. நிப்பு நடுவில் பிளந்து இரண்டு கால் மாதிரி இருக்குமே, அதில் ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் தூக்கலாக நிற்கிறது என்று தோன்றியது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். அழுத்துகிறவரைக்கும் இறங்கியது, விட்டதும் ஏறிக்கொண்டது. நடுவில் எதுவோ இருந்து தூக்குகிற மாதிரி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் கண்ணுக்கு ஒரு கோடுதான் தெரிந்தது.

அந்த நேரத்தில் எதிர் லயத்து அக்கா வந்தது. இருபது வருஷமாகப் பால் வெட்டுகிற அக்கா. மரத்தில் பட்டையைச் சீவினால் காகிதம் மாதிரி சுருண்டு விழும், மரத்துக்கு நோகாது. தோட்டத்திலேயே அந்தக் கைக்கு ஈடு கிடையாது.

"என்ன டிரஸ்ஸரம்மா, குச்சிய வச்சிக்கிட்டு மொறச்சிக்கிட்டு இருக்கீங்க?"

"கீறுதுக்கா."

அக்கா வாங்கித் தாளில் இழுத்தது. காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டது. மரத்தில் கத்தி போகிற சத்தத்தைக் கேட்டுப் பழகிய காது.

"இதுக்கா இந்தப் பாடு? மொனை மழுங்கிருச்சு. கத்தி மழுங்கினாத்தான பட்டையப் பிறாண்டும்? தீட்டினா வழுக்கிட்டுப் போவும்."

இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம். ஆனால் அப்போது அது வேதவாக்கு மாதிரி இருந்தது. அந்தத் தோட்டத்தில் முந்நூறு பேர் இருந்தோம். கீறினால் தீட்டு என்பது அத்தனை பேருக்கும் தாய்ப்பாலோடு வந்த அறிவு. கத்தி கீறினால் தீட்டு. அரிவாள் கீறினால் தீட்டு. பேனா கீறினால் வேறென்ன செய்வது?

அக்கா இடுப்பிலிருந்து சின்னச் சாணைக் கல்லை எடுத்தது. பால் வெட்டுக்காரர்கள் எல்லோரிடமும் இருக்கும், வழவழவென்று சோப்புக்கட்டி மாதிரி. எச்சில் தொட்டது. ஒரு பக்கம் இரண்டு இழுப்பு, மறு பக்கம் இரண்டு இழுப்பு.

"இப்ப எழுதிப் பாருங்க."

எழுதிப் பார்த்தேன். கீறவில்லை. கிழித்தது. தாள் இரண்டாகப் போய்விட்டது.

அக்கா தாளைப் பார்த்தது. பேனாவைப் பார்த்தது. "நல்லாத்தான் தீட்டியிருக்கேன்" என்றது பெருமையாக. பிறகு என் முகத்தைப் பார்த்ததும், "அடுப்புல சோறு கெடக்கு" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டது.

இதுவரைக்கும் நான் எடுத்தவள் மட்டும்தான். இப்போது நிஜமாகவே கெடுத்தவள் ஆகிவிட்டேன். இன்னும் நாலு நாள்.

புதன்கிழமை அவர் பேனாவைக் கேட்டார். "சோதனையில இருக்கு" என்றேன். பென்சிலால் எழுதிக்கொண்டார். வியாழக்கிழமை மழை. வெள்ளிக்கிழமை காலை, நெத்திலி வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு, பேனாவைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பாலோவுக்கு நடந்தேன். இரண்டு மைல் செம்மண் ரோடு. மழை பெய்த மறுநாள் அந்த ரோட்டில் நடந்தால் செருப்பு ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் அவரைத் திட்டினேன், அக்காவைத் திட்டினேன், சின்ன துரை ஏன் ஒரு குடையைப் பரிசாகக் கொடுத்திருக்கக் கூடாது என்று அவரையும் திட்டினேன்.

பாலோ கடை வரிசையில், நடைபாதையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் கடிகாரம் பழுது பார்க்கிற சீனர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கண்ணில் கறுப்புக் குழல் கண்ணாடி ஒன்றை இடுக்கிக்கொண்டிருப்பார். அவருக்குத் தமிழ் வராது, எனக்குச் சீனம் வராது, இரண்டு பேருக்கும் அரைகுறை மலாய் வரும். அது போதும்.

"தவுக்கே, இந்தப் பேனா சக்கிட்" என்றேன். தவுக்கே என்றால் முதலாளி, சக்கிட் என்றால் நோய். டிரஸ்ஸர் பெண்டாட்டிக்கு வேறு என்ன வார்த்தை வரும்?

வாங்கிக் குழல் கண்ணாடியில் பார்த்தார். ஒரு தரம் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"அலமாக், தங்காச்சி! இது யார் செய்தது?" என்று மலாயில் பதறிக் கேட்டார். நிப்பின் நுனியில் இரு பக்கமும் இருந்த சாணைக் கீறலைக் காட்டினார்.

மரம் சீவுகிற மாதிரியும் கல்லில் தீட்டுகிற மாதிரியும் கையால் செய்துகாட்டினேன். அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை. பக்கத்தில் மளிகைக் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சீனத்தில் சொல்லி, அவரையும் சிரிக்க வைத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சிரித்து முடித்துவிட்டு, காகிதம் மாதிரி மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றை எடுத்து நிப்பின் பிளவுக்குள் மெதுவாக விட்டு இழுத்தார். தகட்டின் ஓரத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. வெள்ளைத் தாளில் தட்டினார். எள்ளில் பாதி இருக்கும். காய்ந்த மஞ்சள் பொருக்கு, நடுவில் சிவப்பு. இன்னொரு தரம் விட்டார். இன்னும் கொஞ்சம் வந்தது. குனிந்து மோந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையையும் கூப்பி நெற்றிக்கு நேரே வைத்துக் காட்டினார்.

"செம்பாயாங்!" என்றார். சாமி கும்பிடுவதற்கு மலாயில் அதுதான் சொல். "பேனா சாமி கும்பிடப் போயிருக்கிறது!"

நான் தாளை வாங்கி மோந்தேன். சந்தனம்.

மூடியைக் கழற்றி, நிப்பின் மேலேயே சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். விடியற்காலையில் நான் முந்தானையால் துடைத்தது அதைத்தான். துடைத்ததில் பாதி முந்தானையோடு வந்திருக்கிறது, மீதி பிளவுக்குள் இறங்கிக் காய்ந்து கல்லாகி ஒரு காலைத் தூக்கிவிட்டிருக்கிறது. என் விரலில் அன்றைக்குச் சந்தனம் பட்டது எனக்கு நினைவிருந்தது. ஐந்து நாளும் நினைவிருந்தது. மையைச் சந்தேகப்பட்டோம், தாளைச் சந்தேகப்பட்டோம், என்னைச் சந்தேகப்பட்டோம். சாமிக்கு வைத்த பொட்டு அடைத்துக்கொள்ளும் என்று யாருக்குத் தோன்றும்? அது அழுக்குக் கணக்கிலேயே வராதே!

சீனர் இரண்டு காலையும் சமமாக நிறுத்தினார். பிறகு ஒரு தோல் துண்டில் எண்ணெயும் ஏதோ பொடியும் தடவி, நுனியை எட்டுப் போடுகிற மாதிரி வளைத்து வளைத்துத் தேய்த்தார். அக்கா போட்ட கீறல் போக வெகுநேரம் தேய்க்க வேண்டியிருந்தது. எழுதக் கொடுத்தார். வழுக்கிக்கொண்டு போனது. மேலே, கீழே, வட்டம், எல்லாம்.

கூலி என்ன என்று கேட்டேன். அவர் சட்டைக் கையைத் தூக்கி முழங்கையைக் காட்டினார். வட்டமாகப் படை. "டிரஸ்ஸர் மருந்து ஒரு டப்பி" என்றார்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். வேறு எது கேட்டிருந்தாலும் சமாளித்திருப்பேன். படை மருந்து ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி என் வீட்டுக்காரர் அரைஞாணில் இருந்தது. பாலோ சீனருக்குப் படை இருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார்.

மழுப்பி என்ன ஆகப்போகிறது என்று முடிவுகட்டினேன். சாயங்காலம் அவர் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, சந்தனப் பொருக்கு மடித்த தாளை முன்னால் விரித்து வைத்தேன்.

"இதுதாங்க நிப்புக்குள்ள இருந்துச்சு. மோந்து பாருங்க."

மோந்தார். காபியைக் கீழே வைத்தார்.

"சந்தனம் மாதிரி இருக்கு."

"சந்தனமேதான். நடுவுல குங்குமம். யாரு வச்சது?"

மறுபடி மோந்தார்.

"பூசையில மூடியக் கழட்டி வச்சீங்களா இல்லியா?"

"பின்ன?" என்று எகிறினார். "மூஞ்சிய மூடிட்டுத் தொப்பிக்கா பொட்டு வைப்பாங்க?"

இதற்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"ஆக, கை மாறல. பொட்டு ஏறிருச்சு. கெடுத்தது நீங்க. நாளைக்குச் சனிக்கெழம."

அவர் விடுகிற ஆள் இல்லை. பொருக்கை இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணைச் சுருக்கினார்.

"பூசையன்னிக்குப் பொட்டு மேலதான வச்சேன். தானா உள்ள எப்படி எறங்கும்? யாரோ துடைச்சு அழுத்தினாத்தான் எறங்கும்."

டிரஸ்ஸர் இல்லையா. புண்ணைப் பார்த்தே எப்படிப் பட்டது என்று சொல்லிவிடுவார்.

சொல்லிவிட்டேன். விஜயதசமி, முந்தானை, இரண்டு வரி, மூடி எல்லாம். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அக்காவின் சாணைக் கல்லையும் சேர்த்தே சொன்னேன். சீனரின் படையையும் சொன்னேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "இப்ப என்ன வேணும்னாலும் சொல்லுங்க" என்று நின்றேன்.

அவர் சாணைக் கல்லுக்குக் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு வேறொன்று உறைத்திருந்தது.

"அப்ப... காலையில மூடி போட்டிருந்தது... நீயா?"

"ஆமா."

"நான் ராத்திரி தொறந்துதான் வச்சிட்டு வந்தேன். காலையில பாத்தா மூடியிருக்கு. நா நெனச்சேன்..." நிறுத்திவிட்டார்.

"என்ன நெனச்சீங்க?"

காபியைக் குடித்தார். டம்ளரில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் குடித்தார்.

"கிராணிகிட்ட வேற சொல்லிட்டேன். அம்பாளே வந்து மூடிட்டுப் போயிருக்கான்னு."

நான் அடுப்படிக்குள் ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். அதே முந்தானை. திரும்பி வந்தபோது அவரும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் முகத்தை மட்டும் டாக்டர் மாதிரி வைத்திருந்தார்.

"பேனாவக் குடு."

கொடுத்தேன். காய்ச்சல் அட்டை ஒன்றை எடுத்து மூன்றாம் கட்டிலுக்கு எழுதினார். வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் அக்காவின் கல்லும் சீனரின் தோலும் சேர்ந்து முனையைத் தேய்த்துவிட்டிருந்தன. கோடு முன்னைவிடத் தடிப்பாக விழுந்தது. எண் கட்டத்துக்குள் அடங்கவில்லை. தொண்ணூற்றொன்பது கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விட்டது. இரண்டு தரம் முயன்றார். பேனாவை மூடி மேசையில் என் பக்கமாக உருட்டிவிட்டார்.

"எனக்கு இனிமே பென்சிலுதான். இது கரும்பலகைக்காரி பேனாவாயிருச்சு. எழுது, உன் மகாகனம் பொருந்திய துரையவர்களுக்கு."

"சம்மதம்னு சொல்லுவீங்கள்ல?"

"பன்னெண்டு பேரு கேட்டிருக்காங்க. சொல்லாம இருக்க முடியுமா?"

"பதினொண்ணு" என்றேன்.

அன்று சாயங்காலம் விளக்கேற்றும் முன் ஒரு பக்கம் முழுவதும் எழுதினேன். ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. என் கையெழுத்து அவ்வளவு அழகு என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. படித்த படிப்பு, வயது, பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் திறமை எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில் 'கையெழுத்து நன்றாக இருக்கும்' என்று நானே ஒரு வரி சேர்த்தேன்.

சனிக்கிழமை அவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனார். நான் பின்னால் போய் வராந்தாத் தூணோரமாக நின்றேன். பெரிய துரை என் விண்ணப்பத்தை வாங்கினார். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அவருக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அதுவரைக்கும் தோன்றவே இல்லை. ஆறு நாள் நிப்பு, மை, தாள், சாணை, சீனர் என்று நாங்கள் செத்துப் பிழைத்தது அந்தத் தாளுக்காக. அவர் அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு மலாயில் கேட்டார்.

"இந்த அம்மாளுக்குக் கோபம் வருமா?"

என் வீட்டுக்காரர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "எப்பவும் வரும் துரை."

"நல்லது. திங்கட்கிழமை வரச் சொல்."

"எனக்குச் சம்மதம்" என்றார் இவர், யாரும் கேட்காமலே.

வரும்போது வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். எப்பவும் வரும் என்றா சொல்வது? அப்புறம் என்ன சொல்றது, சொல்லாட்டி வேலை கெடைச்சிருக்குமா என்று அவர் கேட்டார். நான் இன்னும் உரக்கத் திட்டினேன்.

படை மருந்தை ஒரு டப்பிக்கு இரண்டாக அவரே கட்டிக் கொடுத்தனுப்பினார். அடுத்த வருஷம் ஆயுத பூசைக்குக் கத்தரிக்கோல், குறடு எல்லாவற்றையும் அடுக்கினார். என் பேனாவை நானே கொண்டுபோய் நடுவில் வைத்தேன். மூடி இறுகத் திருகியிருந்தது. அவர் சந்தனத்தை மோதிர விரலில் எடுத்துக்கொண்டு வந்து பேனாவுக்கு மேலே நின்றார். மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தொப்பிக்கே வைங்க" என்றேன்.

வைத்தார்.